பெரிய டீச்சர் ஓடிய ஒரு சுற்று

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போன வழி முழுக்க என் வலது கைக்குள் ஒரு மிட்டாய் இருந்தது. பச்சைக் காகிதம் சுற்றிய சாதாரண மிட்டாய். என் மடியில் பெரிய டீச்சரின் தலை. அவருடைய நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்து என் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. இடது கையால் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டி "டீச்சரே, டீச்சரே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வலது கையை மட்டும் திறக்கவில்லை. அதை ஏன் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பிள்ளைகளிடமிருந்து பறித்ததைக் கைக்குள் வைத்துக்கொள்வது அந்த நாட்களில் எனக்குப் பழக்கமாகியிருந்தது.

பெரிய டீச்சர் என்று பிள்ளைகளும் ஊராரும் நாங்களும் சொன்னது எங்கள் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியையை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ஒரு பழைய மிஷன் ஆலயத்தின் மைதானத்தை ஒட்டி இருக்கிறது பள்ளி. வராந்தாவின் ஒரு பக்கம் தமிழ் வகுப்புகள், மறு பக்கம் மலையாள வகுப்புகள். இடைவேளையில் பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பெருங்கடவிளையிலிருந்து பேருந்து ஏறி நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய டீச்சருக்கு ஓய்வு பெற அதிக காலம் மீதி இருக்கவில்லை. ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒல்லியான, உயரமான மனுஷி. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கு நல்ல ஏற்றம். ஆட்டோக்காரர்கள் மரியாதைக்காக நிறுத்தினாலும் ஏற மாட்டார். "ஆண்டவரு காலு தந்திருக்கது நடக்கதுக்காக்கும். நீ பெட்ரோலை மிச்சம் பிடி மக்கா" என்று சொல்லிவிட்டு நடப்பார். காலையில் பிள்ளைகள் கையைத் தூக்கிக் குதித்து உடற்பயிற்சி செய்யும்போது அவரும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்வரிசைக்கு எதிரே நின்று குதிப்பார். எங்களில் யாருக்கும் அந்தக் கூச்சமில்லாத குதிப்பு வராது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் எங்களோடு சேர மாட்டார். மத்தியானம் சோறு தின்னப் போவதற்கு முன்னால் தன் அறைக்குள் போய்க் கதவைச் சற்று நேரம் சாத்திக்கொள்வார். சாயாவும் இனிப்பில்லாமல்தான் குடிப்பார். சாயாவைப் பற்றி எனக்குப் பெருமை. என் பிரசாரத்துக்கு அவர் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கதவைப் பற்றி எங்களுக்குள் கேலி. "உள்ள இருந்து கோழிக்காலு கடிக்குது போல" என்று ஒரு சார் சொல்வார், நாங்கள் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

பிரசாரம் என்று சொன்னேனே, அது வேறொன்றுமில்லை, பள்ளியின் ஹெல்த் கிளப். அதன் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். எனக்கு அப்போது உலகத்தையே திருத்திவிடலாம் என்று தோன்றும் வயது. திருத்த வேண்டியதும் நிறையவே இருந்தது. காலையில் கஞ்சியும் பயறும் தின்றுவிட்டு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பையில் பிஸ்கட் பாக்கெட், பாக்கெட்டில் அடைத்த உப்புக் கொறிப்புகள், சிவப்புக் கலரில் நாக்கைச் சாயமேற்றும் ஐஸ். பால்பல் விழுவதற்கு முன்பே சொத்தை. ஒரு கூப்பிடு தூரத்திலிருக்கும் வீட்டிலிருந்தும் ஆட்டோவில் வந்து இறங்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டுக்குப் போனால் சுற்றிலும் ரப்பர், நடுவில் டிவி. இதையெல்லாம் பார்த்து எனக்கு வந்த கவலை பொய்யில்லை. அதை இப்போதும் சொல்வேன். பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, வீட்டுப் பறம்பில், தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவரச் சொன்னேன். மட்டிப்பழமும் அயனிச்சக்கையும் நெல்லிக்காயும் வந்தன. கொல்லாம்பழம் என்ற முந்திரிப்பழம் கொண்டுவந்த ஒருவனால் வகுப்பு முழுவதன் சட்டையிலும் கறை பிடித்தது. அம்மாமார் என்னைத் திட்டினார்கள். பெரிய டீச்சர் மட்டும் "கறை போகும், ருசி போகாது" என்று எனக்காகப் பேசினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு இந்த மாதிரிக் கதைகள் நேர்வதில்லை. நான் பச்சை அட்டையை வட்டமாக வெட்டி, ஊக்கு குத்தி, வகுப்புக்கு இரண்டு பேரை 'ஹெல்த் போலீஸ்' ஆக்கினேன். பள்ளி எல்லைக்குள் மிட்டாயோ பாக்கெட்டோ யார் கையில் கண்டாலும் போலீஸ் பிடிக்க வேண்டும். பிடித்ததை என்னிடம் கொண்டுவந்து தர வேண்டும். பிடிபட்டவர் ஆலயத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட வேண்டும். தின்பதையும் நிறுத்தியாயிற்று, உடம்புக்கு ஓட்டமும் ஆயிற்று, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். ஓடுவது நல்லது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஓட்டத்தைத் தண்டனையாக வைத்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிடிபட்ட பிள்ளை ஓடும்போது மற்றவர்கள் வராந்தாவில் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் எவ்வளவு கேலி கலந்திருந்தது என்று வராந்தாவில் நின்ற எனக்குத் தெரியவில்லை. ஓடிய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோர் கூட்டங்களில் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டால் போதும். பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் வாய் கிழியப் பேசுவேன். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு சீனி வியாதி. அதைச் சொல்லித்தான் பேச்சை முடிப்பேன். "இது வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு வரும் வியாதி. சோம்பேறிகள் தாமாகவே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும் விருந்தாளி" என்பேன். அம்மாமார் சிரிப்பார்கள். சிலர் குனிந்துகொள்வார்கள். குனிந்தவர்களைப் பார்த்து, பேச்சு உறைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். முன் பெஞ்சில் பெரிய டீச்சர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் முதலில் கைதட்டுவதும் அவர்தான்.

அன்றைக்குச் சமையலறையில் கேஸ் தீர்ந்துபோயிற்று. விறகு அடுப்பு மூட்டி உலை கொதிக்க நேரமாகிவிட்டது. பிள்ளைகள் பசியில் வராந்தாவிலும் மைதானத்திலும் அலைந்துகொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் வழக்கம்போல அறைக்குள் போய்க் கதவைச் சற்று நேரம் சாத்தியிருந்துவிட்டு வந்து, சோறு ஆகவில்லை என்று தெரிந்ததும் சமையலறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தார். பிறகு தூணருகே நின்று துணிப்பையில் கைவிட்டு எதையோ எடுத்தார். அதை இரண்டாம் வகுப்புப் போலீஸ் பார்த்துவிட்டாள். சரியாகச் சீவாத தலையும் பெரிய கண்களுமாக ஒரு சின்னப் பெண். அட்டை அவள் நெஞ்சில் பாதியை மறைக்கும். வேலையில் மிகவும் கண்டிப்பு. சொந்த அண்ணனையே பிடித்துக் கொடுத்தவள்.

"டீச்சரே, கையில என்னது? காட்டுங்க!" என்று அவள் கத்தியதும் வராந்தா முழுவதும் திரும்பியது. பெரிய டீச்சர் கையை விரித்தார். காகிதம் பாதி பிரித்த மிட்டாய். "பெரிய டீச்சரு மாட்டியாச்சு!" என்று ஒரே கூச்சல். நான் வகுப்பிலிருந்து ஓடிவந்தேன். கையும் களவுமாக நின்றவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேலியே பயிரை மேஞ்சா எங்ஙன டீச்சரே? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ சொல்ல வந்து நின்றது இப்போது தெரிகிறது. அவர் விரல்கள் நடுங்கியதும் தெரிந்தது, பிள்ளைகள் முன்னால் வந்த கூச்சம் என்று நினைத்தேன். "செரி. போலீஸு பிடிச்சா பிடிச்சதாக்கும்" என்று சிரித்து, மிட்டாயை அந்தச் சின்னக் கையில் வைத்தார். அவள் ஓடிவந்து என்னிடம் கொடுத்தாள். பெரிய டீச்சர் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"ஓடாண்டாம் டீச்சரே" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலைமையாசிரியையே ஓடினால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நல்ல பாடம் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. நான்தான் முதலில் கைதட்ட ஆரம்பித்தேன். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். அவர் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே மைதானத்தில் இறங்கி, ஆலயத்தின் பின்பக்கம் மறைந்தார். மறுபக்கம் வந்தபோது சிரிப்பில்லை. கால்கள் பின்னின. மாமரத்தடிக்கு வந்ததும் யாரோ பிடித்துத் தள்ளியதுபோலச் சரிந்து, இடது கை அடியில் மாட்டிக்கொள்ள விழுந்தார். ஒன்றிரண்டு பிள்ளைகள் அதையும் விளையாட்டு என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோவில் ஏற்றும்போது அவருக்கு நினைவு முழுக்கப் போகவில்லை. கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். நாக்கு குழறியது. "மக்கா, எனக்கு சீனி உண்டு… ஊசி போடுதேன்… அதை இஞ்ச தா." அவருக்கு வியாதி உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அத்தனை கூட்டங்களில் பேசியவள் நான். எனக்குத் தெரிந்த சீனி வியாதியில் இனிப்பு என்றால் விஷம், அவ்வளவுதான். இன்சுலின் ஊசி போட்ட பிறகு சோறு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும், அப்போது ஒரு மிட்டாய்தான் மருந்து என்பது எனக்குத் தெரியாது. "சீனி வச்சுக்கிட்டா மிட்டாய் கேக்குதிய? பேசாம கிடங்க டீச்சரே" என்று அதட்டினேன். ஆமாம், அதட்டினேன். அவர் கை என் மூடிய கையைத் தேடி வந்தது. நான் கையை விலக்கிக்கொண்டேன். பிறகு அந்தக் கை தானாகவே கீழே இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் பதறிப்போய் டிரிப் ஏற்றினார். டாக்டர் வந்து, போனார். கொஞ்சம் அடங்கிய பிறகு நர்ஸ் என்னிடம் திரும்பி, "ஒரு மிட்டாயி எங்கிலும் கொடுத்தூடாயிருந்நோ டீச்சரே?" என்று கேட்டார். ஒரு மிட்டாயாவது கொடுத்திருக்கக் கூடாதா என்று. அவர் குரலில் கோபம்கூட இல்லை, ஒரு டீச்சருக்கு இது தெரியாதா என்ற ஆச்சரியம்தான் இருந்தது. நான் அப்போதுதான் கையை விரித்தேன். மிட்டாய் இளகி, காகிதத்தோடு உள்ளங்கையில் ஒட்டிப்போயிருந்தது. வெளியே குழாயில் எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியவில்லை, இனிப்பின் பிசுபிசுப்பு போகவே இல்லை. அங்கேயே சுவரில் தலையைச் சாய்த்து அழுதேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கண் விழித்ததும் பார்க்கப் போன எங்களிடம், "வெயிலு. காலையில ஒண்ணும் தின்னல்லை. தலை சுத்தியாச்சு, அவ்வளவுதான்" என்றார். பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதைத்தான் சொல்லச் சொன்னார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம் தண்ணீர் கேட்டார், மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார், பள்ளியில் சோறு நேரத்துக்கு ஆகிறதா என்று விசாரித்தார். நானும் விட்டுவிட்டேன். விட்டுவிடுவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் பிள்ளைகள் விடவில்லை. "நீ பிடிச்சதுனாலயாக்கும் பெரிய டீச்சரு விழுந்தது" என்று அந்தச் சின்னப் பெண்ணைச் சுற்றி நின்று சொன்னார்கள். "டீச்சரு செத்துப்போவும், உன்னை நெசமான போலீஸு பிடிக்கும்" என்று நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லியிருக்கிறான். அவள் அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் பள்ளிக்கு வரவில்லை. அவள் வீடு நடக்கிற தூரம்தான். காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குருவி தலையில் பனங்காயை வைத்தவள் நான். அதை இறக்கி வைக்கப் போவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் என் முகம் தெரியும் என்ற பயம். பெரிய டீச்சரை விழவைத்ததைவிட இது எனக்கு அதிகமாக உறுத்துகிறது. அது அறியாமல் செய்தது. இது அறிந்தே செய்தது.

மாவுக்கட்டோடு பள்ளிக்குத் திரும்பி வந்த காலையில் பெரிய டீச்சர் இரண்டாம் வகுப்பு வாசலில் நின்று தலைகளைப் பார்த்தார். "எனக்க போலீஸு எங்க?" என்றார். பிள்ளைகள் என் பக்கம் திரும்பினார்கள். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "மத்தியானம் நீ எனக்ககூட வா. அவளுக்க வீடு வரை போவணும்" என்றார்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டில் ஓட்டு வீடு. அம்மா முந்திரி ஆலையில் வேலை செய்பவர். மகளைத் தனியே விட முடியாமல் வேலைக்குப் போகாமல் இருந்தார். எங்களைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது. "டீச்சரே, பிள்ளை நேரத்துக்கு ஒண்ணும் தின்ன மாட்டேங்கிது. ராத்திரி முழிச்சு முழிச்சு அழுதுது. கேட்டா, நான் டீச்சரைக் கொன்னேனாம்மா எண்ணு கேக்குது." நான் ரப்பர் மரத்தில் கட்டியிருந்த பால் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கட்டிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெரிய கண்கள் தெரிந்தன. பெரிய டீச்சரின் மாவுக்கட்டைப் பார்த்ததும் அவை மறைந்துகொண்டன.

பெரிய டீச்சர் கூப்பிடவில்லை. முற்றத்தில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, "தின்ன என்ன உண்டு?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார். மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் சாளை மீன் கறியும் உண்டு என்றார் அவர். "அப்போ அதை விளம்பு. எல்லாருக்கும் விளம்பு" என்று பரிமாறச் சொன்னார். பிறகு துணிப்பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். பேனா போல ஒரு ஊசி. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோழிக்கால். "இந்த மூடியை ஒருத்தரு பிடிக்கணுமே, எனக்கு ஒரு கைதானே உண்டு" என்று கட்டிலைப் பார்த்து உரக்கச் சொன்னார். நான் கையை நீட்டினேன். "உன்னை இல்லை" என்றார். அவர் என்னிடம் கடுமையாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் மெல்ல வந்தாள். மூடியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வேலியருகே எட்டிப் பார்த்த அயல்வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் பார்க்க, எங்களிடமிருந்தெல்லாம் அவ்வளவு காலம் மறைத்ததை, பெரிய டீச்சர் சேலையை ஓரமாக விலக்கி வயிற்றில் குத்திக்கொண்டார்.

"நோவுமா டீச்சரே?"

"இத்திரி நோவும். இது எனக்க வியாதிக்கு உள்ள ஊசியாக்கும். இதைப் போட்டா உடனே தின்னணும், கேட்டியா? தின்னல்லைன்னா விழுந்து போவேன். அன்னைக்கு சோறு ஆவ நேரமாச்சு, அதுனாலயாக்கும் விழுந்தது. நீ பிடிச்சதுனால இல்லை. நீ உனக்க வேலையைப் பாத்தே. நான் எனக்க வியாதியை உங்களிட்ட சொல்லல்லை. தப்பு எனக்க."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு திடீரென்று பதறி, "அப்போ வேகம் தின்னுங்க டீச்சரே!" என்று சொல்லி, அம்மா கையிலிருந்த தட்டை வாங்கி அவர் மடியில் வைத்தாள். ஒரு துண்டு மரச்சீனியை மீன்கறியில் தோய்த்து அவர் வாயருகே நீட்டவும் செய்தாள். பெரிய டீச்சர் அதைத் தின்றுவிட்டு அடுத்த துண்டை அவளுக்கு ஊட்டினார். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். எனக்கும் தட்டு வந்தது. ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் தலையிலிருந்து பழியை இறக்க, இந்த மனுஷி தன் மானத்தை முற்றத்தில் வைக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் காரணமானவள் நான், உப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வரும் வழியில் கேட்டேவிட்டேன். "ஏன் டீச்சரே எங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லை?" கேட்டபோது என் குரலில் ஒரு குறைகூட இருந்தது, எங்களை நம்பவில்லையே என்று. அவர் குடையை ஊன்றி நின்றார். கோபமில்லாமல், வகுப்பில் விடை சொல்லிக் கொடுப்பவர் போலச் சொன்னார்: "எனக்க அம்மைக்கும் உண்டு, அம்மைக்க அம்மைக்கும் உண்டு மக்கா. நான் நாப்பது வயசுக்கு முன்னேயே வாயைக் கட்டியாச்சு. நடந்து நடந்து காலும் தேஞ்சாச்சு. பின்னையும் வந்துது. நீ மைக்கைப் பிடிச்சு சொல்லுவியே, வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு வாற வியாதின்னு, சோம்பேறிகளுக்கு வாற வியாதின்னு. நான் முன் பெஞ்சில இருந்து கேட்டேன். பின்னே எங்ஙன சொல்ல?"

கூட்டங்களில் குனிந்துகொண்ட அம்மாமார் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். உறைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்ட முகங்கள்.

ஹெல்த் கிளப்பையே கலைத்துவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் திட்டினார். "நல்ல காரியத்தை என்னத்துக்கு நிறுத்துதே? பிள்ளைகளுக்கு பழமும் பயறும் வேணும், ஓட்டமும் வேணும். உனக்க நாக்கை மட்டும் மாத்து." அட்டைகளைக் குப்பையில் போட்டேன். பிடிக்கும் வேலையும் தண்டனை ஓட்டமும் போயின. மைதானத்தில் கிளித்தட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தோம். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஓடினார்கள். அந்தச் சின்னப் பெண் அந்த வருஷம் முழுவதும், மத்தியான மணி அடித்ததும் சமையலறைக்கு ஓடி, சோறு ஆயிற்றா என்று பார்த்து வந்து பெரிய டீச்சரின் அறைக் கதவில் தட்டிச் சொல்வாள். அதன் பிறகுதான் அவர் ஊசியை எடுப்பார். கதவைச் சாத்துவதை நிறுத்திவிட்டார்.

இப்போது அந்த அறையில் தலைமையாசிரியையாக நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் கல்லூரிக்குப் போகிறாள். மைதானத்தின் பாதியில் ஆலயத்துக்கு வரும் கார்கள் நிற்கின்றன, மீதிப் பாதியில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பிறந்தநாளுக்கு இன்னும் பழம்தான். பெற்றோர் கூட்டங்களில் நான் பேசும் பேச்சு மாறிவிட்டது. வியாதி யாருக்கும் வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை, டீச்சர்களிடம் மறைக்காதீர்கள் என்று சொல்கிறேன். நன்றாகப் பேசுகிறேன் என்கிறார்கள். முன்பும் அப்படித்தான் சொன்னார்கள்.

போன மழைக்காலத்தில் எனக்கும் சீனி என்று தெரிந்தது. ஊசி இல்லை, மாத்திரைதான். பள்ளியில் யாருக்கும் தெரியாது. சோறு தின்னப் போகுமுன் மாத்திரையை எடுக்கக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். வெளியே இளம் டீச்சர்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். ஹெல்த் கிளப் நடத்தியவளுக்கே வந்ததா என்று ஒரு கண்ணாவது கேட்கும், அந்தக் கண்ணைத்தான் என்னால் தாங்க முடியாது. அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து தாங்கியது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்கே வர வேண்டியிருந்தது. தெரிந்தபின்னும், அவர் ஒரு முற்றத்தில் செய்ததை என்னால் செய்ய முடியவில்லை.

பெரிய டீச்சர் காட்டாக்கடையில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. சென்ற வாரம் போனில் பேசினார். பிள்ளைகளைப் பற்றி, சமையலறையைப் பற்றி, மாமரம் காய்த்ததா என்று எல்லாம் கேட்டுவிட்டு, "உனக்கு உடம்பு எங்ஙன உண்டு?" என்றார். "ஒரு குறையும் இல்லை டீச்சரே" என்றேன். உலகத்தில் வேறு யாரிடம் மறைத்தாலும் அவரிடம் மறைக்க வேண்டியதில்லை. அவரிடமும் மறைத்தேன். அவர், "நேரத்துக்கு சோறு தின்னு மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார்.